முள்ளம்பன்றி போட்ட ஃபயர்வால்

வேலாங்காட்டு ஏரிக்கரையில் ஒரு மேட்டுக்கு அடியில் முள்ளம்பன்றி ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. அதன் பெயர் சடையப்பன். மனைவி பெயர் வள்ளிக்கண்ணு. பிறந்து கொஞ்ச நாளே ஆன குட்டிகள் இரண்டு இருந்தன. அவற்றின் முள் இன்னும் முடியாகத்தான் இருந்தது. தொட்டால் குத்தாது, கூசும்.

காட்டுக்கு இணையம் வந்துவிட்டிருந்த காலம் அது. வளைக்கு வளை ஒரு ரவுட்டர் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. சடையப்பன் வீட்டுக் கதவும் அந்தப் பெட்டி சொன்னபடி கேட்கிற கதவுதான். போனில் ஒரு தட்டு தட்டினால் திறக்கும், இன்னொரு தட்டு தட்டினால் மூடும். உள்ளே ஒரு கேமராவும் உண்டு. பொழுது சாயும் நேரம் புருஷனும் மனைவியும் பக்கத்துக் கிழங்குக் காட்டுக்குப் போகும். வைஃபை அதுவரை எட்டும். தோண்டுவதும், குட்டிகள் தூங்குவதைப் போனில் எட்டிப் பார்ப்பதும், மறுபடி தோண்டுவதுமாக வேலை நடக்கும்.

அப்போதுதான் முயல் வீட்டில் அந்தக் கொடுமை நடந்தது. தாய் முயல் புல் மேயப் போயிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. உள்ளே குட்டிகள் இல்லை. யாரோ அதன் ரவுட்டருக்குள் புகுந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்பட்டிருக்காது. பெட்டி வாங்கும்போது அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை முயல் மாற்றவே இல்லை. அந்தக் காட்டில் யாருமே மாற்றவில்லை. எல்லார் வீட்டுப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு.

செய்தது யார் என்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை. துக்கம் விசாரிக்க முதலில் வந்ததும், பெற்ற தாயைவிட உரக்க அழுததும் நல்லுச்சாமி என்ற நரி. அழும்போது அதற்கு ஏப்பம் வந்தது என்று அணில் சொன்னது. அணில் பேச்சை யார் கேட்கிறார்கள்?

வள்ளிக்கண்ணு அன்றே புருஷனைப் பிடித்துக்கொண்டது.

"நம்ம வீட்டுலயும் அதே பெட்டிதாங்க. இன்னைக்கே அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லைன்னா நான் குட்டிகளை விட்டுட்டு எங்கேயும் வரமாட்டேன்" என்றது.

"பண்ணிட்டாப் போச்சு" என்றது சடையப்பன்.

சடையப்பனைப் பற்றி ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். தன்னைத்தானே கேலி செய்துகொள்வதில் அதற்கு அலாதிப் பிரியம். தடுக்கி விழுந்தால், எழுந்திருக்கும் முன்பே, "பாத்தீங்களா, எனக்கு நாலு கால் பத்தலை" என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடும். அவர்கள் சிரித்ததும் இதற்கு உச்சி குளிர்ந்துவிடும். தடுக்கிய கல் அங்கேயே கிடக்கும். மறுநாளும் அதே கல்லில் விழும்.

ரவுட்டருக்குக் காவல் போடும் வேலையும் அப்படித்தான் தொடங்கியது. கூட வந்த விளக்கத் தாளை சடையப்பன் படிக்கவில்லை. குட்டிகளுக்கு விரிப்பாக அது ஏற்கெனவே பயன்பட்டுக்கொண்டிருந்தது. செட்டிங்ஸைத் திறந்தது. பாஸ்வேர்டை மாற்றியது. வெளியிலிருந்து கேட்காமல் வருகிற எதையும் வாசலிலேயே நிறுத்துகிற ஃபயர்வாலைப் போட்டது. அடுத்து, யார் யார் உள்ளே வரலாம் என்று ஒரு பட்டியல் கேட்டது பெட்டி. ஒவ்வொரு போனுக்கும் பிறவியிலேயே ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண் பட்டியலில் இருந்தால்தான் அனுமதி. "பட்டியலில் இல்லாத எவரையும் விடாதே" என்ற கட்டளையைச் சடையப்பன் அழுத்தமாகத் தட்டிவிட்டது.

பட்டியலில் இன்னும் யாரும் இல்லை என்பது தட்டிய பிறகுதான் உறைத்தது.

அவ்வளவுதான். சடையப்பனின் போனையே பெட்டி வெளியே தள்ளிவிட்டது. சடையப்பன் கெஞ்சிப் பார்த்தது, மிரட்டிப் பார்த்தது, பெட்டியைத் தட்டியும் பார்த்தது. பெட்டி அசையவில்லை. கடைசியில் பின்பக்கம் இருந்த சிறு துளையில் ஊசி விட்டு அமுக்கி, எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி ஆக்க வேண்டியிருந்தது. ஊசிக்கு எங்கே போவது? முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் ஏரிக்கரையில் இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டத்தைக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க வைத்தது சடையப்பன்.

"என் வீட்டுக்குள்ள நுழையப் பாத்த முதல் திருடன் நானேதான். கையும் களவுமா என்னைப் பிடிச்சுப்புட்டேன்."

கொக்கு ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் இன்னொரு காலையும் ஊன்றிக்கொண்டு சிரித்தது. நரியும் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அதுவும் சிரித்தது.

இரண்டாம் முறை சடையப்பன் ஒழுங்காகவே செய்தது. பொய் சொல்லக் கூடாது. முதலில் தன் போன், பிறகு வள்ளிக்கண்ணு போன், கேமரா, கதவு என்று பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் கட்டளையைத் தட்டியது. பிரமாதமான காவல். எறும்பு நுழைய இடமில்லை.

ஆனால் வேலாங்காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளி வந்தால் ஆலிலைத் தொன்னையில் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து முடித்ததும் வைஃபை பாஸ்வேர்டு சொல்வார்கள். விருந்தாளி வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருந்தால் அது மரியாதைக் குறைவு. இனிமேல் தண்ணீர் மட்டும்தான், பாஸ்வேர்டு பெற்ற தாய்க்கும் கிடையாது என்று வள்ளிக்கண்ணு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அடுத்த நாளே அணில் வந்தது. தண்ணீரைக் குடித்தது. கூரையைப் பார்த்தது. தரையைப் பார்த்தது. அப்புறம் வாலைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டது. சடையப்பனுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஊரெல்லாம் நம்மைக் கஞ்சன் என்று பேசுமே என்று மறுகி மறுகிப் படுத்தது.

இப்படி மனம் நொந்திருந்த வேளையில், ஒரு மத்தியானம், நல்லுச்சாமி நரி வாசலில் வந்து நின்றது. வாயில் ஒரு கொத்து இலந்தைப்பழம். வள்ளிக்கண்ணு ஏரிக்குக் குளிக்கப் போயிருந்தது.

"குட்டி பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா அண்ணே? அதான்" என்று பழத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி அடக்கமாக உட்கார்ந்தது நரி.

சடையப்பனுக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. ஆனாலும் பட்டப்பகல், வாசலிலோ முள்ளும் முதுகுமாகத் தானே உட்கார்ந்திருக்கிறது, நரி என்ன செய்துவிட முடியும்? வந்தவனை விரட்டுவதும் முறையில்லை. தண்ணீர் கொடுத்தது. நரி குடித்து முடித்தது. பாஸ்வேர்டு சொல்ல வேண்டிய நேரம் வந்தது. குட்டிகள் இரண்டும் உள்ளேயிருந்து மூக்கை நீட்டி வேடிக்கை பார்த்தன.

"தம்பி, தப்பா எடுத்துக்கக் கூடாது. பாஸ்வேர்டு யாருக்கும் குடுக்கறதில்லைன்னு வீட்டுல முடிவு பண்ணியிருக்கோம்" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னது சடையப்பன்.

"அதுதாண்ணே சரி. நீங்களே குடுத்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். முயல் மட்டும் உங்களை மாதிரி இருந்திருந்தா, அந்தப் பிஞ்சுங்க இன்னைக்கு உயிரோட இருந்திருக்கும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது நரி.

சடையப்பன் உருகிப்போயிற்று. அணில்கூடக் கோபித்துக்கொண்டு போயிற்று, இவன் எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறான்! இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! பாஸ்வேர்டுதான் கொடுக்க முடியவில்லை, அதற்குப் பதிலாக வந்தவனுக்கு வேறு ஏதாவது செய்தாக வேண்டும் என்று அதன் மனம் அடித்துக்கொண்டது. என்ன வேண்டும் என்பதை நரியே சொல்லிவிட்டது. இந்தக் காவல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அதற்கு ஆசையாம். தன் மண்டைக்கு இதெல்லாம் ஏறாதாம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சடையப்பன் போனை எடுத்துச் செட்டிங்ஸைத் திறந்தது. அதற்கான பாஸ்வேர்டை, ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே தட்டியது. அப்படிச் சொன்னால்தான் அதற்கு விரல் ஓடும். நரிக்குக் காது கூர்மை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஃபயர்வாலைக் காட்டியது. பட்டியலைக் காட்டியது. வெறும் பேச்சில் இவனுக்குப் புரியாது என்று முடிவு செய்து, நரியின் போனையே வாங்கிக்கொண்டது.

"இதுல வைஃபை பாஸ்வேர்டைப் போடறேன், பாரு. உள்ள விடுதா? விடலை. ஏன்? பட்டியல்ல நீ இல்லை. இப்ப ஒரு உதாரணத்துக்கு உன்னைச் சேர்க்கறேன். பாரு, உள்ள போயிட்டே. எடுத்துட்டேன்னு வை, மறுபடி வெளியதான் நிப்பே."

பட்டியலில் நரியின் எண்ணுக்கு 'உதாரணம்' என்றே பெயரும் வைத்தது. அதை எடுத்துவிடப் போன நேரத்தில் நரி மெல்லக் கேட்டது.

"அண்ணே, முதல் தடவை போட்டப்ப நீங்களே வெளிய மாட்டிக்கிட்டீங்களாமே. அன்னைக்கு ஏரிக்கரையில பாதியில வந்தேன். அதை முழுசாச் சொல்லுங்களேன்."

சடையப்பனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போனைக் கீழே வைத்தது. பட்டியலில் யாரும் இல்லாமல் கட்டளை போட்டதிலிருந்து ஆரம்பித்தது. முள்ளைப் பிடுங்கிய இடத்தை நடித்தே காட்டியது. நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சடையப்பனும் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் நரி கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியது. உதாரணம் பட்டியலிலேயே இருந்தது.

பொழுது சாய்ந்தது. வள்ளிக்கண்ணும் சடையப்பனும் கதவை மூடிவிட்டுக் கிழங்குக் காட்டுக்குப் போயின. நரி வந்து போனதை சடையப்பன் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டு விழும், அதைக் கிழங்கு கிடைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தது. இரண்டு கிழங்கு தோண்டியதும் குட்டிகளைப் பார்க்கப் போனை எடுத்தது. 'அனுமதி இல்லை' என்றது போன்.

சடையப்பன் சிரித்துவிட்டது.

"பாரேன் வள்ளிக்கண்ணு, மறுபடியும் என்னையே பிடிச்சுட்டேன்! என்னைவிடக் கெட்டிக்காரத் திருடன் இந்தக் காட்டுல கிடையாது" என்றது. நாளைக்கு ஏரிக்கரையில் இதை எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தினால் கொக்கு விழும் என்றெல்லாம் மனம் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

வள்ளிக்கண்ணு சிரிக்கவில்லை. தன் போனை எடுத்துப் பார்த்தது. அதிலும் அனுமதி இல்லை.

"இன்னைக்குப் பெட்டியில கை வெச்சீங்களா?"

"நான் எங்க கை வெச்சேன்? சும்மா ஒரு உதாரணத்துக்கு..."

மத்தியானம் முணுமுணுத்த பாஸ்வேர்டை வைத்து நரி பட்டியலுக்குள் புகுந்து, தங்கள் இருவரையும் எடுத்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வள்ளிக்கண்ணு அதற்குமேல் நிற்கவில்லை. கிழங்கைப் போட்டுவிட்டு ஓடியது. சடையப்பன் அதற்குப் பின்னால் ஓடியது. அந்தக் கொஞ்ச தூரத்தை ஓடி முடிக்கும்வரை முயல் வீட்டுத் திறந்த கதவு அதன் கண்ணை விட்டு அகலவில்லை.

வளை வாசலில் கதவு ஆவென்று திறந்திருந்தது. குறுகலான வளைக்குள் நரியின் முன்பாதிதான் நுழைந்திருந்தது. பின்பாதி வெளியே இருந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது.

"வாங்க செல்லங்களா, மாமா பழம் கொண்டாந்திருக்கேன். இன்னும் கிட்ட வாங்க" என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தது அது. இதற்குச் செட்டிங்ஸ் எதுவும் உதவாது. சடையப்பன் சட்டென்று திரும்பி, முதுகு முள் அத்தனையையும் விறைத்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பின்பக்கமாகவே பாய்ந்தது. நரி போட்ட ஓலத்தில் ஏரிக் கொக்குகள் கலைந்து பறந்தன. வாலும் தொடையும் முள்ளாகி, முக்கி முனகி ஓடிய நரி, அந்தக் காட்டுப் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

குட்டிகள் வாசலுக்கு வெகு அருகில் நின்றிருந்தன. இன்னும் ஓரடி வந்திருந்தால் போதும், நரியின் வாய்க்கு எட்டியிருக்கும். இரண்டும் அழக்கூட இல்லை. வள்ளிக்கண்ணு இரண்டையும் வாரி அணைத்துக்கொண்டது. 

"கதவு தானாத் திறந்தா உள்ள ஓடி ஒளிஞ்சுக்கணும்னு அம்மா சொல்லியிருக்கேன்ல? ஏண்டா வாசலுக்கு வந்தீங்க?"

பெரிய குட்டி விழித்தது. தான் என்ன தப்பு செய்தது என்று அதற்குப் புரியவில்லை.

"அந்த மாமாதானேம்மா வந்தாரு. மத்தியானம் அப்பா அவர்கூடத்தானே சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தாரு."

சடையப்பன் வாயைத் திறந்தது. வழக்கம்போலத் தன்னைக் கிண்டல் பண்ணி ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தது. ஒன்றும் வரவில்லை. முதன்முறையாக, தன் முட்டாள்தனத்தை நினைத்து அதற்கு அழுகை வந்தது. குட்டிகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் ரவுட்டரிடம் போய், பின்பக்கத் துளையில் மறுபடி ஒரு முள்ளை விட்டு அமுக்கி, நரியின் எண்ணோடு எல்லாவற்றையும் அழித்தது. பிறகு அதை வள்ளிக்கண்ணு பக்கம் நகர்த்தி வைத்தது.

"புது பாஸ்வேர்டு நீயே போடு. எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றது.

வீட்டுக்கு எத்தனை காவல் போட்டாலும், அதைப் போட்ட பெருமையை வந்தவரிடமெல்லாம் அளப்பவர் திருடனுக்குத் தம் கையாலேயே கதவைத் திறந்துவிடுகிறார்.