செருப்பைக் கழற்றாத தம்பி

பங்குனியில் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்த தம்பி, சித்திரை முடிந்த பிறகும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் சிற்றம்பலம். பாகப்பிரிவினையில் முகம் முறிந்த இரண்டு சகோதரர்களைப் பற்றி அவர் எழுதிய கதை அது. மடமடவென்று ஓடிய பேனா, அண்ணன் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டது.

அவருக்கும் சொந்த ஊரில் ஓர் அண்ணன் உண்டு. பேச்சுவார்த்தை கிடையாது. வாசலில் போய் நின்றால் என்ன சொல்வாரோ என்று பயந்தே பல வருடங்களாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கதையிலாவது தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தார். அங்கேயும் அண்ணன் வாய் திறக்கவில்லை. அந்தத் துக்கம் அவரைத் தின்றது.

கத்திரி வெயிலில், பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தே தன் குருவின் வீட்டுக்கு வந்தார். குரு மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் சிறியவர்தான். ஆனால் கதை விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"இதைக் கிழிச்சுப் போட்டுடலாம்னு இருக்கேம்மா," என்று வாசலிலேயே தாள்களை நீட்டினார். "அண்ணன் கதவைத் திறந்துட்டான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரலை."

யார் வந்தாலும் "வாங்க" என்று முந்திக்கொள்கிற குரு, அன்று கதவு நிலையில் கையை ஊன்றி நின்றார். வழி விடவில்லை.

"என்னென்ன எழுதிப் பாத்தீங்க?"

"கட்டிப் பிடிச்சு அழ விட்டேன். நாடகமா இருந்துச்சு."

"அப்புறம்?"

"'எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தே'ன்னு கேக்க வச்சேன். தம்பி திரும்பிப் போயிட்டான்."

"அப்புறம்?"

"ரத்த பாசத்தைப் பத்தி ஒரு பக்கம் பேச வச்சேன். எனக்கே தூக்கம் வந்துடுச்சு."

உள்ளே மின்விசிறி ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே சிற்றம்பலத்தின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டோம் என்று மனசு சுருங்கியது.

"அப்புறம்?" என்றார் குரு மறுபடியும்.

"முதல்ல ஒரு வாய் தண்ணி குடுங்கம்மா. நாக்கு ஒட்டுது."

மங்கையர்க்கரசி உடனே உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். "உள்ள வாங்க. உக்காந்து குடிங்க."

சிற்றம்பலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பாதிச் சொம்பைக் காலி செய்தபின் கேட்டார். "ஏம்மா என்னை வாசல்லயே நிக்க வச்சீங்க?"

"உங்களைக் கொஞ்ச நேரந்தான் நிக்க வச்சேன். கதையில அந்தப் பையன் பங்குனியிலேருந்து நிக்கிறான். வெயில்ல வந்தவனுக்கு யாராவது தண்ணி குடுத்தாங்களா?"

சிற்றம்பலம் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். கிழிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சொம்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"எங்க அண்ணன் குடுப்பாராம்மா?"

"நீங்க வாய்விட்டுக் கேட்டப்புறம்தானே நான் குடுத்தேன்?"