நான்கு வட்டங்களிலும் இல்லாத விடை

மணி மூன்றரை. கடிகாரத்தின் பெரிய முள்ளுக்கும் சின்ன முள்ளுக்கும் நடுவில் எத்தனை பாகை? 45, 60, 90, 105. இந்த நான்கில் ஒன்றைச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

தொண்ணூறு என்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பெரிய முள் ஆறில் நிற்கிறது. சின்ன முள் மூன்றில் நிற்கவில்லை. நகர்ந்து நகர்ந்து மூன்றுக்கும் நான்குக்கும் நட்டநடுவில் வந்துவிட்டது. கணக்குப் போட்டால் எழுபத்தைந்து வரும். அந்த நான்கில் எழுபத்தைந்து இல்லை. கேள்வியே தவறு. அந்தத் தவறிலிருந்துதான் நம் கதை புறப்படுகிறது.

கோவில்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் செண்பகவல்லி என்று ஒரு பெண், பதினொன்றாம் வகுப்பு. அவளும் அவள் தோழி ஜெபராணியும் உதவித்தொகைத் தேர்வு எழுதினார்கள். நூற்றுக்கு அறுபது எடுத்தால் கல்லூரிப் படிப்பு முடியும்வரை அரசே செலவைப் பார்த்துக்கொள்ளும். ஐம்பத்தொன்பது எடுத்தால் ஒன்றும் கிடையாது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். விடை எழுதாமல் விட்டால் குறையாது.

செண்பகத்தின் அம்மா தான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் மகளுக்கும் ஒரு வேலை சொல்லி வைத்திருந்தாள். "அறுபது வந்தா காலேஜு. வரலைன்னா பன்னெண்டாவது முடிச்ச மறுநாளே கடை." வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

தேர்வில் இந்தக் கடிகாரக் கேள்வி வந்ததும் செண்பகம் விரல் நுனியால் மேசைமேல் ஒரு வட்டம் வரைந்தாள். இரண்டு முள்ளும் போட்டாள். எழுபத்தைந்து. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். அப்போதும் எழுபத்தைந்துதான். மேற்பார்வை ஆசிரியர் பக்கத்தில் வந்து, "என்னம்மா, மேசையத் தொடைக்கவா வந்த?" என்றார். அவள் விடைத்தாளில் அந்தக் கேள்விக்கான நான்கு வட்டங்களையும் வெள்ளையாகவே விட்டாள். இரண்டு வரிசை தள்ளி ஜெபராணி மூன்றாவது வட்டத்தைக் கருப்பாக்கினாள். தெரியாத கேள்விக்கெல்லாம் அவளுக்கு மூன்றாவது வட்டம்தான் ராசி.

முடிவு வந்தது. கேள்வி தவறு என்று தேர்வு அலுவலகம் ஒப்புக்கொண்டது. ஏதாவது ஒரு வட்டத்தைக் கருப்பாக்கியவர்களுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தது. ஒன்றையும் தொடாதவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்த ஒன்றோடு சேர்த்து ஜெபராணிக்கு அறுபது. அவள் அப்பா அன்றே தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்துவிட்டார். செண்பகத்துக்கு ஐம்பத்தொன்பது.

மனு கொடுக்கக் கடைசி நாளன்று மத்தியானம் இருவரும் தேர்வு அலுவலகத்துக்குப் போனார்கள்.

"தெரியாமத் தொட்டவளுக்கு மார்க்கு, தெரிஞ்சு விட்டவளுக்கு இல்லையா, சார்?" என்று செண்பகம் கேட்டாள்.

அங்கிருந்த அலுவலர் குமரகுரு நல்ல மனிதர். "நியாயம்தான் பாப்பா. ஆனா விதி போட்டாச்சு. நீ ஒண்ணு செய். வட்டத்தைக் கருப்பாக்கினேன், பேனா சரியா எழுதல, மெஷின் பிடிக்கலன்னு மனு எழுதிக் குடு. நான் மேல பேசி வாங்கித் தாரேன். எந்த வட்டம்னு மட்டும் மறக்காமப் போடு."

"என்னை மாதிரி விட்டவங்க?"

"ஏகப்பட்ட பேர் இருக்காங்க. எல்லாருக்கும் கேட்டேன்னு வையி, கேள்வியையே ரத்து பண்ணினாலும் பண்ணிருவாங்க. குடுத்த மார்க்கும் திரும்பப் போயிரும்."

ஜெபராணி தோழியை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். "ஏட்டி, அவரு சொன்ன மாதிரி எழுதிக் குடுத்துரு. உனக்கும் அறுபது, எனக்கும் அறுபது. யாருக்கு என்ன நட்டம்?"

"பொய்யில்லா?"

"நான் மட்டும் தெரிஞ்சா எழுதினேன்? குருட்டாம்போக்குல குத்தினேன். குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். நீ பெரிய இவ."

"நீ குத்தினது நெசம்தான. அது உனக்கு. அதப் பிடுங்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்."

"எல்லாருக்கும்னு கேட்டா, நீ சொல்லாட்டாலும் அவங்க பிடுங்குவாங்கல்லா? எங்கப்பா குடுத்த கேசரிய யாரு திரும்ப வாங்குவா?"

செண்பகம் உள்ளே திரும்பி வந்து, வெள்ளைத்தாளை மேசைமேல் வைத்தாள்.

"எந்த வட்டம்னு போட, சார்? நாலும் தப்பாச்சே."

"ஏதாவது ஒண்ணப் போடும்மா. தப்பா இருந்தா என்ன? தப்புக்குத்தான மார்க்கு" என்றார் குமரகுரு.

வாசலில் நின்ற ஜெபராணி அதைக் கேட்டாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். தெரியாமல் வட்டத்தைத் தொட்ட ஜெபராணி, இரக்கப்பட்டு ஒரு பொய்க்கு வழி காட்டிய குமரகுரு, தெரிந்ததால் தொடாமல் விட்ட செண்பகம்: இதில் யார் செய்தது சரி? செண்பகத்தின் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தத் தாளில் என்ன எழுதுவீர்கள்?

விடை: ஜெபராணி யாரையும் ஏமாற்றவில்லை, விதி கொடுத்ததை வாங்கினாள். குமரகுரு கெட்டவர் அல்லர். ஆனால் அவர் சொன்னபடி செய்தால், விடை தெரிந்த பெண் தவறான ஒரு வட்டத்தைத் தொட்டதாகப் பொய் எழுதிக் கொடுக்க வேண்டும். அவளைப்போல் விட்ட மற்றவர்கள் வெளியிலேயே நிற்பார்கள். கேள்வியில் தவறு செய்தது அலுவலகம். அதற்குப் பிள்ளைகள் ஏன் பயப்பட வேண்டும்? செண்பகம் இப்படி எழுதினாள்: "சரியான விடை 75. அதற்கு வட்டம் இல்லை. அதனால் நான் எதையும் தொடவில்லை. தொட்டவர்களுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்காமல், தொடாத எங்கள் எல்லாருக்கும் ஒரு மதிப்பெண் தர வேண்டும்." கீழே கையெழுத்துப் போட்டாள். ஜெபராணி பேனாவை வாங்கி, அதற்கும் கீழே, "விடை தெரியாமல் தொட்டவள்" என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டாள்.