நங்கூரமும் தோணியும்

கணக்கில் புலி என்று பெயரெடுத்தவர்கள் கொஞ்சம் அருகே வாருங்கள். இது கூட்டல் கழித்தலுக்கு அடங்காத வழக்கு.

'முகில்' என்றொரு மென்பொருள். நம் கோப்புகளை இணையத்தில் பத்திரப்படுத்தும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்; நிரலைத் திறந்து பார்த்துத் திருத்தலாம். தகவல்களைச் சேமிக்க அது 'நங்கூரம்' என்ற ஒரே தரவுத்தளத்தைத்தான் நம்பியிருந்தது. இரண்டையும் இணைக்கும் நிரலை எழுதியவர் தூத்துக்குடி ஜெரால்டு. அதனால் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பிறகு மெஹர்நிஷா வந்தாள். 'தோணி' என்ற, அதைவிட இலகுவான தரவுத்தளத்திலும் முகில் ஓடும்படி எழுதினாள். பழைய கணினி வைத்திருப்பவர்கள்கூட இனி முகிலை நிறுவலாம் என்று எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள். ஜெரால்டுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் அவர் மாடாய் உழைத்தபோது இவர்களெல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

குழுவின் விதிப்படி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகே சேர்ப்பார்கள். தலைவி வடிவு அந்த வேலையை ஜெரால்டிடமே கொடுத்தார்.

"தோணி எப்படிக் கவுழுதுன்னு மட்டும் பாருங்கக்கா," என்றார் ஜெரால்டு.

ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரே நொடியில் திருத்தினால் என்ன ஆகும்? அப்படியொரு பொல்லாத சோதனையை எழுதினார். தோணி அசையவில்லை. என்னுடையது இதைவிட நன்றாகத் தாங்கும் என்று காட்டும் ஆத்திரத்தில், தன் கணினியில் நங்கூரத்தை வைத்தும் அதே சோதனையை ஓட்டினார். ஒருவரின் திருத்தம் சுவடில்லாமல் காணாமல் போயிற்று.

"என் திருத்தத்தைக் காணோம்" என்று புகார் எழுதிய பயனர்களுக்கெல்லாம், உங்கள் இணைய இணைப்பில்தான் கோளாறு என்று பதில் சொல்லி வந்தவர் அவர்தான். சோதனையை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அழிக்கும் பொத்தான்மேல் விரலையும் வைத்துவிட்டார். கடைசியில், "பிழை நங்கூரத்தில். எழுதியது நான்," என்று குழுவில் போட்டார்.

மறுநாளே மெஹர்நிஷாவிடமிருந்து பதில்: "அண்ணே, நங்கூரத்தையும் சரிபண்ணிட்டேன். பாத்துச் சொல்லுங்க."

முகிலின் ஒவ்வொரு பதிப்புக்கும், அது யாருக்கு அதிகம் கடமைப்பட்டதோ அவர் பெயரைச் சூட்டுவது வழக்கம். ஜெரால்டு அதற்காகவே ஏங்கிக் கிடந்தவர். தோணியைக் கொண்டுவந்தவளும் நங்கூரத்தைத் திருத்தியவளும் மெஹர்நிஷா. பிழையைப் பிடித்தவர் ஜெரால்டு. ஆனால் அவர் பிடிக்கப் போனது அவளுடைய பிழையை. வடிவுக்கு இரண்டுமே தெரியும். சொல்லுங்கள், இந்தப் பதிப்புக்கு யார் பெயரைச் சூட்டுவது நியாயம்?

விடை: ஜெரால்டின் பெயரை. மெஹர்நிஷாவின் திறமை பெரிதுதான். ஆனால் அவள் கொடுத்ததில் அவளுக்கு நஷ்டம் ஏதுமில்லை. மானம் போகும் என்று தெரிந்தும் ஒளிக்காதவர் அவர். ஒளித்திருந்தால் அவளால் எதைத் திருத்தியிருக்க முடியும்? வடிவு அறிவித்ததும் முதல் வாழ்த்து மெஹர்நிஷாவிடமிருந்துதான் வந்தது: "உங்க பேருதாண்ணே பொருத்தம்." படித்ததும் ஜெரால்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொண்டாளே!