இளகச் சொன்ன வெண்ணெய்

வெண்ணெய் எண்ணெயாகிவிட்டது.

லூர்துநாதன் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் மஞ்சளாய் மிதந்தது. சர்க்கரையைக் கொட்டி அடித்தார். வெள்ளையாய்ப் பொங்கி வரவேண்டியது வரவில்லை. சர்க்கரை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் வேகமாய் அடித்தார். கோபத்தில் அடித்தால் மட்டும் வந்துவிடுமா?

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க, அங்கிள்?" என்றாள் பெனிட்டா.

குன்னூரில் அந்த பேக்கரி அவளுடையது. தேயிலை ஃபேக்டரியை மூடியதும் லூர்துநாதன் அவளிடம் வேலை கற்க வந்தார். அவர் வயதில் பாதிகூட அவளுக்கு இல்லை. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்கதானே டீச்சர் இளக்கச் சொன்னீங்க?"

"இளக்கத்தான் சொன்னேன். உருக்கச் சொன்னேனா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"அப்ப இதையே கேக்குன்னு குடுத்து அனுப்புங்க."

அவர் பாத்திரத்தை ஓரமாய் நகர்த்தி வைத்தார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டி. மார்கழிக் குளிரில் செங்கல் மாதிரி கிடந்தது. சாயந்திரம் சர்ச்சில் அவர் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம்.

போன வருஷம் இதே மாப்பிள்ளைப் பையனோடு பஸ் ஏறப் போனவளை, ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க அறைந்தார். அதோடு பேச்சு நின்றது. போன வாரம் ஆள் விட்டுக் கேட்டாள், அப்பா கையால் ஒரு கேக் வேண்டும் என்று. கேக் வரும், நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது கல்யாணப் பெண்ணே வந்து வாசலில் நிற்கிறாள், கையில் மருதாணியோடு. அவர் உள்ளே கூப்பிடவில்லை.

"சீக்கிரம் இளக என்னதான் வழி, டீச்சர்?"

பெனிட்டா கத்தியை எடுத்தாள். கட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் தட்டில் பரப்பினாள். ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாள். பாத்திரம் நன்றாகச் சுட்டதும் தண்ணீரைக் கொட்டினாள், துடைத்தாள், தட்டின் மேல் கவிழ்த்தாள்.

"அவ்வளவுதானா? அடுப்பு வேண்டாமா?"

"சூடு மேல படக் கூடாது. பக்கத்துல இருந்தாப் போதும்."

அவர் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"மூடுங்க."

மூடினார். மறுபடியும் தூக்கினார்.

"கையை எடுங்க அங்கிள். நீங்க திறக்கத் திறக்கத்தான் லேட்டாகுது."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"இவ்வளவு நாளா கல்லா இருந்தது. உடனே வழிக்கு வரணுமா?"

"குத்திக் காட்டாதீங்க, டீச்சர்."

"நான் வெண்ணெயைச் சொன்னேன்."

ஜன்னலில் ஜெசிந்தாவின் முகம் வந்தது.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"கேக் ஆகலைன்னா விடுங்கப்பா. நீங்க வாங்க. அது போதும்."

லூர்துநாதன் சுவரைப் பார்த்து நின்றார். காது சிவந்திருந்தது. பெனிட்டா நடுவில் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். மகளும் ஜன்னலை விட்டு நகரவில்லை. மேற்கொண்டு எதுவும் கேட்கவும் இல்லை.

சல்லடைச் சத்தம் நின்றது. பெனிட்டா பாத்திரத்தை எடுத்தாள். துண்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒன்றை விரலால் அழுத்தினாள். விரல் பதிந்தது.

"உருகினா உருவம் போயிடும். இளகினா போகாது. தொட்டுப் பாருங்க."

அவரும் ஒன்றைத் தொட்டார். பதிந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் துண்டுகளைச் சட்டியில் போட்டு, மேலே சர்க்கரையைக் கொட்டினாள். மரக்கரண்டியை எடுத்து அவருடைய வலது கையில் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் ஓங்கிய அதே கை.

"ம். இப்ப அடிங்க."

அது ஜன்னலுக்கும் கேட்டது. ஜெசிந்தா கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, லேசாகச் சிரித்தாள்.

லூர்துநாதன் கரண்டியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"அடிங்க, அங்கிள்."

அவர் அடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "உள்ள வாம்மா" என்றார்.