யாரும் தொடாத சேவல்

வா கண்ணு, இங்க படு. பெரிம்மா கதை சொல்றப்ப "ம்" கொட்டிட்டே வரணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு செஞ்சேவல் இருந்துச்சாம். சும்மா சேவல் இல்ல, சாமிக்கு விட்ட சேவல். பாவாயின்னு ஒருத்தி. அவ மக பூங்கொடி கைக்கொழந்தையா இருக்கறப்ப காச்சல்ல கண்ணு தொறக்காம கெடந்தா. பாவாயி அழுதுட்டே, "முருகா, எம்புள்ளயப் பொழைக்க வெச்சிரு, ஒரு சேவல வளத்தி உன்ற மலையில கொண்டாந்து விடறேன்"னு வேண்டிக்கிட்டா. புள்ள பொழச்சுருச்சு. அப்புறம் வேண்டுதல மறந்துட்டா. ஆத்தக் கடக்கற மட்டும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ! புள்ள ஓடியாடறப்பத்தான் ஞாபகம் வந்து, ஒரு சேவக்குஞ்ச வளத்துனா.

"ம்."

சாமி சேவல்னா யாரும் தொடக்கூடாது. புடிக்கக் கூடாது, பஞ்சாரக் கூடையில கவுக்கவும் கூடாது. தீனி மட்டும் போடலாம். அது பாட்டுக்கு ஊரச் சுத்தும், ஒரு வீட்டுல கம்பு, ஒரு வீட்டுல சோளம், ஒரு வீட்டுல பழைய சோறு. டொக் டொக் டொக்குன்னு எல்லாத்தயும் கொத்திப் போடும். அப்புறம் குப்பமேட்டுல போயி பரட்டு பரட்டுன்னு கெளறும். விடிஞ்சா வேப்ப மரத்துல ஏறி, "கொக்கரக்கோஓஓ!" ஊரே எந்திரிக்கும், உங்கொப்பன மாதிரி ஆளுகளத் தவிர.

அப்புறம் சேவல மலையில விட வேண்டிய தைப்பூசம் கிட்ட வந்துச்சு. ஒருநா விடிஞ்சுது, சேவல் கூவல. "க்கொ... க்க்..." அம்புட்டுத்தான். கொண்டை வெளுத்துப்போச்சு, றெக்கை தொங்கிப்போச்சு. பாவாயி ஓடியாந்து பாத்தா. மலைக்குப் போகாமயே இது செத்துப்போனா, இந்த உசுருக்குப் பதிலா சாமி எம்புள்ளய எடுத்துக்குமோன்னு பயந்துட்டா. பாவம், பெத்த வயிறு.

மொதல்ல, பசியா இருக்கும்னு கூடக் கொஞ்சம் தீனி போட்டா. தின்னுச்சு, தின்னுச்சு, இன்னும் சோந்துபோச்சு.

அப்புறம் கண்ணு பட்டிருக்கும்னு மொளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டா. படபடபட! வீடே "அச்சு! அச்சு!"ன்னு தும்முச்சு. சேவலும் ஒரு தும்மல் போட்டுட்டுப் படுத்துக்கிச்சு.

அப்புறம் துன்னூறு எடுத்தா. தொடக்கூடாதில்ல? தூர நின்னு "ப்பூ"ன்னு ஊதுனா. காத்து எதுத்து அடிச்சு, அத்தனையும் அவ மூஞ்சியிலயே!

"ஹிஹி... ம்."

சிரிக்காத, அவ அழுதுட்டிருந்தா. அப்போ பூங்கொடி குடுகுடுன்னு ஓடியாந்து சேவலக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. அதுக்கு என்ன தெரியும், சாமி சேவல்னு?

"அய்யோ, தொடாதடி!"

"அம்மா, இதுக்கு நெஞ்சு எலும்பு குத்துதும்மா."

"நல்லாக் கொழுத்த சேவல், எலும்பு எங்கிருந்து குத்தும்?"

"தொட்டுப் பாரேன்."

பாவாயி, "முருகா, மன்னிச்சுக்கப்பா"ன்னுட்டு எறகுக்குள்ள கைய விட்டுப் பாத்தா. சதையே இல்ல கண்ணு. அருவாமண வெளிம்பு மாதிரி வெறும் எலும்பு. ஊரே தீனி போட்டுச்சு, ஒருத்தராச்சும் தூக்கிப் பாத்தாங்களா? எறகப் பாத்துட்டு நல்லாருக்குன்னு நெனச்சுட்டாங்க.

அப்போ சேவல் "பொளிச்"சுனு ஒண்ணு போட்டுச்சு. அதுக்குள்ள வெள்ளையா, நீளமா, சேமியா மாதிரி நெளிநெளின்னு...

"சீ, பெரிம்மா!"

என்ன சீ? அந்தச் சீயப் பாத்ததாலதான் அது பொழச்சுது. பாவாயி சேவலக் கக்கத்துல இடுக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனா.

"ஏனுங்க டாக்டரம்மா, இது சாமி குத்தமுங்களா?"

"வயித்துல பூச்சிங்கம்மா. நீங்க போடற தீனியெல்லாம் அதுதான் திங்குது. ஈரக்குப்பையில, எச்சத்துல பூச்சி முட்டை கெடக்கும். கொத்தறப்ப உள்ள போயிரும். காலையில மொதத் தண்ணியில நாஞ் சொல்ற அளவு மருந்தக் கலக்கி வைங்க. கொஞ்ச நாள் கழிச்சு மறுக்காக் குடுக்கோணும். அடையற எடத்தக் கூட்டிக் காய வைங்க. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் மருந்து குடுக்கச் சொல்லுங்க, இல்லீன்னா திரும்ப வந்துரும்."

"மறுக்காவா? அதுக்குள்ள பூசம் போயிருமேங்க!"

பாவாயி வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசிச்சா. இப்பவே கொண்டுபோயி விட்டுட்டா வேண்டுதல் தீந்துரும், பயமும் போயிரும். ஆனா அந்த எலும்பு குத்துனது இன்னும் அவ கையிலயே இருந்துச்சு. "பூசம் போனாப் போகட்டும், பங்குனி உத்தரம் இருக்குது. நோஞ்சானக் கொண்டுபோயி விட்டா அது வேண்டுதல் இல்ல, தள்ளிவிடறது"ன்னுட்டா.

அப்புறம் மருந்து குடிச்சுது. பூச்சி வந்து விழுந்துச்சு. எச்சத்த வாரி, குழி தோண்டிப் பொதச்சா. மறுக்காவும் மருந்து குடுத்தா. தெனமும் மடியில வெச்சு நெஞ்சத் தடவித் தடவிப் பாத்தா. எலும்பு கொஞ்சங் கொஞ்சமா சதைக்குள்ள மறஞ்சுது. கொண்டை செவந்துச்சு. ஒருநா விடியறப்ப...

"கொக்கரக்கோ!"

ஆமா! நீ இன்னும் தூங்கலயா?

அப்புறம் பங்குனி உத்தரத்துக்கு மலைக்குக் கொண்டுபோனாங்க. பூங்கொடி முத்தங் குடுத்து எறக்கி விட்டுச்சு. பாவாயி ஒடனே திரும்பல. அங்க தீனி போட வந்தவங்கள ஒவ்வொருத்தராக் கூப்புட்டு, "கண்ணு, தீனி போட்டா மட்டும் பத்தாது. அப்பப்பத் தூக்கியும் பாருங்க"ன்னு சொல்லிட்டு, கண்ணத் தொடச்சுட்டே படியெறங்குனா.

"பெரிம்மா... தொட்டதுக்கு சாமி கோவிச்சுக்கலயா?"

பட்டினியாக் கெடந்தப்பப் பாக்காம விட்டதுக்கு வேணா கோவிச்சிருக்கும். தூக்கிக் கொஞ்சுனா எந்தச் சாமி கோவிக்கும்? எங்க, இப்படித் திரும்பு, உன்னயும் தொட்டுப் பாக்கறேன்... ம், எலும்பு குத்தல. வவுறு கும்முனு இருக்குது.

மலையில சேவல் அடஞ்சுருச்சு, மரத்துல காக்கா அடஞ்சுருச்சு, கதையும் அடஞ்சுருச்சு. நீயும் பெரிம்மா கக்கத்துல அடஞ்சுக்க, கண்ணு.

...

"ம்" காணோமே. சரி, தூங்கு.