உறைமோர் கேட்கப் போன ராஜா

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைக் கோதண்டராயன் என்றொரு ராஜா ஆண்டான். கொடுப்பதில் மகா தாராளம். ஆனால் யாரிடமும் எதையும் கேட்கமாட்டான், வாங்கவும் மாட்டான். பக்கத்து ராஜாக்களுக்குப் பல்லக்குப் பல்லக்காகப் பரிசு போகும். அவர்கள் பதிலுக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்பினால், "இங்கே இல்லாததா?" என்று வாசலோடு திருப்பிவிடுவான். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு யார் வருவார்கள்? ராணி காலமான பிறகு, ஊரே உட்காரக்கூடிய சாப்பாட்டுக் கூடத்தில் ஒற்றை இலை போட்டுச் சாப்பிட்டான். பரிமாறுகிறவர்கள்கூட வாய் திறப்பதில்லை. பாவம்தான், ஆனால் அதை அவனிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

அந்தச் சமயத்தில், மலைக்கு வடக்கே இருந்த பேரரசன் பெரும்படையோடு இறங்கி வருவதாகச் சேதி வந்தது. தனியாக நின்றால் செம்பாறை தாங்காது. ஆற்றுக்குத் தெற்கே ஆண்ட தீர்த்தப்பன் துணைக்கு வந்தால், அவன் மைத்துனனான கடலோரத்து ராஜாவும் கூடவே வருவான். பிறகு வடக்கத்தியான் யோசிப்பான்.

பிரதானி வெண்காடர் முந்திக்கொண்டார். மந்திரி குழைக்காதரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "மகாராஜா, ஒரு முத்துமாலை போதும். தீர்த்தப்பன் ஓடோடி வருவான்!" என்று கிளம்பிப் போனார். மாலையை வாங்கிக்கொண்டு தாம்பூலம் கொடுத்தார்கள், அதோடு சரி. 'உங்கள் ராஜா சௌக்கியமா' என்றுகூட ஒருத்தரும் கேட்கவில்லை.

"நீர் என்ன கொண்டு போவீர்?" என்று மந்திரியைக் கேட்டான் ராஜா.

"ஒரு காலிச் சொம்பு, மன்னா. உறைமோர் கேட்க. அதையும் நான் கேட்கக்கூடாது, தாங்களே வந்து கேட்கவேண்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. "தொழுவம் நிறையப் பசு இருக்க, ராஜாவின் மானத்தை மோருக்கு விற்கப் பார்க்கிறார்!" என்று குதித்தார் வெண்காடர்.

"படை கேட்டுப் போனால் பேரம் பேசுவார்கள், மன்னா. உறைமோருக்கு யாரும் பேரம் பேசமாட்டார்கள்."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினான். எல்லைக் கிராமத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கோட்டைக்குள் வந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்து ஒரு காலிச் சொம்பைக் கையில் எடுத்தான்.

ஆற்றங்கரையில் மந்திரி வேண்டுமென்றே ஓடக்காரனோடு ஊர்க்கதை பேசிப் பொழுதைப் போக்கினார். தீர்த்தப்பன் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ராணி செங்கமலம் அப்போதுதான் வாசலில் விளக்கு வைத்திருந்தாள். ராஜா சொம்பை நீட்டினான். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகாத வாய்.

"தங்கச்சி... கொஞ்சம் உறைமோர்..."

"ஐயோ அண்ணா, விளக்கு வச்சாச்சே! இனிமே மோர் குடுத்தா வீட்டுக்கு ஆகாது. கேட்டு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பவும் கூடாது. ராத்தங்கிட்டு, காலையில வாங்கிட்டுப் போங்க."

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி வெகு அக்கறையாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜாவுக்குத் தீர்த்தப்பன் பக்கத்தில் இலை விழுந்தது. அவன் முகம் கொடுக்கவில்லை. செங்கமலம்தான் கேட்டாள். "பாலுக்கு உறை ஊத்த உங்க வீட்டுல ஆள் இல்லையா அண்ணா?"

"ஊத்த ஆள் இருக்கு, தங்கச்சி. கூட உக்காந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை."

சொல்லிவிட்டான். அத்தனை பெரிய ராஜா இலைமுன் குனிந்து அழுதான்.

"நீர் திருப்பியனுப்பின மாம்பழம் இவ கையால நட்ட மரத்துது," என்றான் தீர்த்தப்பன்.

"தப்புதான். வடக்கேயிருந்து படை வருது. எனக்கு யாருமில்லை. நீர் வருவீரா?"

"முத்துமாலையைக் காட்டினப்போ என்னைக் கூலிக்காரனா நினைச்சீர். இப்போ வாய்விட்டுக் கேட்டுட்டீர். வராம இருப்பேனா? முதல்ல சாப்பிடும்."

காலையில் மோர்ச்சொம்புக்குப் பின்னால் தீர்த்தப்பன் படை ஆற்றைக் கடந்தது. மைத்துனனும் வந்து சேர்ந்தான். ஒரே குன்றின்மேல் மூன்று ராஜாக்களின் கொடிகளைக் கண்ட வடக்கத்தியான், தான் வேட்டைக்குத்தான் வந்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

சபை கூடியது. குழைக்காதருக்குத் தன் பக்கத்திலேயே ஆசனம் போட்டான் ராஜா. பிறகு, "பிரதானி, உமக்கு ஒரே ஒரு தண்டனை. மந்திரியிடம் ஏதாவது ஒன்று கேளும். வெற்றிலையானாலும் சரி," என்றான்.

வெண்காடர் மந்திரி பக்கம் திரும்பினார். வேர்த்துக் கொட்டியது. "எனக்கு... எனக்கென்ன குறை, மகாராஜா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் அவர் தனியாக நின்றார். அது எப்படி இருக்கும் என்று அந்தச் சபையில் ஒருவனுக்குத்தான் தெரியும். ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கி வந்து, அவர் பக்கத்தில் நின்றுகொண்டான்.