மருந்து கூடிய தோட்டா

ஒரு போலீஸ் சுடுதளத்தில் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. நல்ல துப்பாக்கிதான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். ஏட்டு மரகதவல்லியின் கையில் பல போட்டிகளைப் பார்த்துவிட்டது. இந்த வருஷம் மாநிலப் போட்டிக்கே போகப்போகிறது. கேட்கவா வேண்டும்! பிறந்த பலனே அதுதான் என்று மிதந்துகொண்டிருந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் காவலர் இன்பராஜ் ஒரு புதுப் பெட்டியோடு வந்தான்.

"அக்கா, இந்தத் தோட்டாவைப் போட்டுப் பாருங்க. மருந்து கூடுதல். சத்தத்துலயே பக்கத்துல நிக்கிறவன் ஆடிப்போயிடுவான்."

"கை உதறுமேப்பா?"

"உங்க கையாவது, உதறுறதாவது!"

மரகதவல்லி சிரித்துக்கொண்டே சுட்டாள். அடேயப்பா! சுடுதளமே திரும்பிப் பார்த்தது. துப்பாக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

"இத்தனை நாள் நான் குறி தப்பினேனா?" என்று கேட்டது மிச்சமிருந்த பழைய தோட்டா.

"உன் சத்தம் பக்கத்து ஆளுக்கே கேக்காது, போ!"

உள்ளேயிருந்த ஸ்பிரிங் முனகியது. "அண்ணே, ஒவ்வொரு அடியும் என் இடுப்பை ஒடிக்குது. நான் தாங்காதது நேரா உங்க உடம்புலதான் விழும், பாத்துக்குங்க."

"சோம்பேறிப் பயலே, பொறாமையா உனக்கு? நான் இரும்புடா!"

அந்த வாரம் பெரும்பாலும் புதுத் தோட்டாதான். ஸ்பிரிங் நாளுக்கு நாள் தளர்ந்தது. சுடும்போதெல்லாம் மேல்பாகம் பின்னால் வந்து உடலில் மடேரென்று மோதியது. துப்பாக்கியோ அதையும் கைதட்டல் என்றே எடுத்துக்கொண்டது.

போட்டிக்குக் கிளம்பும் காலையில் மரகதவல்லி அதைத் துடைக்கப் பிரித்தாள். உடலின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

"போச்சே, இன்பராஜ்! இதை இனிமே சுட்டா என் கையும் சேர்ந்து போயிடும்."

அதை மேஜையிலேயே வைத்தாள். வேறொரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வண்டியேறினாள்.

மேஜையில் கிடந்த துப்பாக்கி விக்கி விக்கி அழுதது. அப்புறம் மனதைத் தேற்றிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த இலக்கு அட்டையைக் கூப்பிட்டது.

"போகட்டும். புதுத் தோட்டாவால நான் போட்ட ஓட்டை எதெதுன்னு காட்டு. அதைப் பாத்தாவது மனசு ஆறட்டும்."

அட்டை தன்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டது. "பழசும் துளைச்சிருக்கு, புதுசும் துளைச்சிருக்கு. எல்லாம் ஒரே அளவு. எனக்கு வித்தியாசம் தெரியலையேப்பா!"

"அப்போ அந்தக் கூடுதல் பலமெல்லாம் எங்கே போச்சு?"

ஸ்பிரிங் பெருமூச்சு விட்டது.

"எங்கேயும் போகலை அண்ணே. அவ்வளவையும் நாமதான் வாங்கிக்கிட்டோம்."